தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அதனை ஆக்கியோரும்

இலங்கைப் பாராளுமன்றம் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டமாக ஆள்சார் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றிய செய்தி, அவ்வாண்டின் மற்றைத் துன்பங்களுக்கிடையே நம்மிற் பலருடைய செவிக்கு எட்டாமலே போயிற்று. எரிபொருளுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் இரவு பகலாக வரிசையில் நின்ற மக்களுக்குத் தரவைப் பற்றிய கவலை எங்கிருந்து வரும்? ஆயினும் சட்டம் வந்துவிட்டது. அதனோடு ஒரு புதிய தொழிலும் வந்திருக்கிறது. வங்கிகளும் வைத்தியசாலைகளும் கம்பனிகளும் தம்மிடமுள்ள மனிதர் பற்றிய விபரங்களை எவ்வாறு பேணவேண்டும் என்று ஆலோசனை கூறும் சட்டத்தரணிகளும், அவற்றின் உள்ளேயே இருந்து கண்காணிக்கும் தரவுப் பாதுகாப்பு உத்தியோகத்தர்களும் இனிப் பெருகுவர். இவர்கள் யார், இவர்களுடைய தொழிலின் முன்னோர் யார் என்பதைப் பற்றியே இன்று பேச எண்ணுகின்றேன்.

ஆள்சார் தரவு என்றாற் பெரிதாக ஒன்றுமில்லை, நேயர்களே. ஒருவருடைய பெயர், பிறந்த திகதி, முகவரி, தொலைபேசி இலக்கம், நோய்க்குறிப்பு, வங்கிக் கணக்கு, மதம் ஆகிய இவைதாம். இவற்றை எழுதி வைப்பது மனிதனுக்குப் பழைய பழக்கம். யாழ்ப்பாணத்தையும் கொழும்பையும் ஆண்ட போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் விரித்தெழுதிய தோம்புகளை நாம் அறிவோம். காணிக்கு ஒரு தோம்பு, குடும்பத்துக்கு ஒரு தோம்பு என்று வைத்து, இன்னார் இன்ன சாதியார், இவரிடம் இத்தனை வரி, இவ்வளவு ஊழியம் பெறவேண்டும் என்றெல்லாம் குறித்தார்கள். வரலாறு படிப்போருக்கு அவை இன்று பொக்கிஷம். எழுதப்பட்டவருக்கோ அது சுமை. ஏட்டின் இவ்விரு முகங்களையும் மனத்தில் வைத்துக்கொண்டால், இனிச் சொல்லப்போவது எளிதில் விளங்கும்.

இத்துறையின் ஆதிநூல் என்று சட்ட மாணவர் போற்றுவது ஒரு சஞ்சிகைக் கட்டுரை. 1890 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் ஹார்வாட் சட்ட சஞ்சிகையில் 'அந்தரங்கத்துக்கான உரிமை' என்ற தலைப்பில் அது வெளிவந்தது. எழுதியவர் இருவர்: சாமுவேல் வொறன், லூயி பிராண்டைஸ். ஹார்வாடில் ஒன்றாகப் படித்து, 1879 இல் பொஸ்ரன் நகரிற் கூட்டாகச் சட்டத்தொழில் தொடங்கிய நண்பர்கள். ஒருவர் பொஸ்ரனின் செல்வக் குடும்பத்துப் பிள்ளை. மற்றவர் கென்ரக்கி மாநிலத்து லூயிவில் நகரில், ஐரோப்பாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்திற் பிறந்தவர்.

வொறனுடைய மகளின் திருமணத்திலே பத்திரிகைக்காரர் புகுந்து தொல்லைப்படுத்தினர். அந்தக் கோபத்திலே கட்டுரை பிறந்தது என்று ஒரு கதை நெடுங்காலம் வழங்கிவந்தது. சுவையான கதைதான். ஆனால் 1890 இல் அந்தப் பெண் திருமண வயதை எட்டாத சிறு குழந்தை! சட்ட நூல்களிலேயே இவ்வாறு கதைகள் புகுந்துவிடுகின்றன. உண்மைக் காரணம் பொதுவானது. கையிலெடுத்துச் செல்லக்கூடிய புகைப்படக் கருவி அப்போதுதான் பரவத் தொடங்கியிருந்தது. பிறர் வீட்டுச் செய்தியை விற்றுப் பிழைக்கும் பத்திரிகைகளும் பெருகியிருந்தன. ஒருவனுடைய சொத்தைத் திருடினாற் கேட்பதற்குச் சட்டம் உண்டு. அவனுடைய முகத்தையும் வீட்டு வாழ்க்கையையும் திருடினாற் கேட்பதற்கு ஏன் இல்லை என்று அவ்விருவரும் வினவினர். தன்னைத் தன்பாட்டில் இருக்கவிடுமாறு கேட்கும் உரிமை என்ற கருத்தை, நீதிபதி தோமஸ் கூலி என்பவரிடமிருந்து எடுத்தாண்டு விரிவாக்கினர்.

இது வசதி படைத்தோரின் மனக்குறை என்று சிலர் ஏளனஞ் செய்வதுண்டு. ஓரளவுக்கு அது மெய்யே. எனினும் பிராண்டைஸ் அங்கே நின்றுவிடவில்லை. 1916 இல் அமெரிக்க உயர் நீதிமன்றத்துக்கு நீதியரசராகச் சென்றார். 1928 இல், அரசாங்க அதிகாரிகள் தொலைபேசிக் கம்பியில் ஒட்டுக்கேட்ட ஒரு வழக்கிலே, பெரும்பான்மையான நீதியரசர்கள் அதில் தவறில்லை என்று தீர்க்க, பிராண்டைஸ் மாறுபட்டு எழுதினார். பத்திரிகைக்காரனைப் பற்றித் தொடங்கிய அவருடைய எண்ணம், 38 ஆண்டுகளில் அரசாங்கத்தின் செவியைப் பற்றியதாக வளர்ந்திருந்தது. 1967 இல் அந்நீதிமன்றம் தன் பழைய தீர்ப்பைக் கைவிட்டு அவர் பக்கம் வந்தபோது, அவர் மறைந்து 26 ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஆயினும் இன்றைய சட்டத்தின் உண்மையான வேர் பொஸ்ரனில் இல்லை என்பதே என் கருத்து. அது ஐரோப்பாவில், இரண்டாம் உலகப்போரின் சாம்பலில் இருக்கிறது. அதைக் காண்பதற்கு, நமக்குத் தோம்பெழுதிய அதே ஒல்லாந்தரின் நாட்டுக்குச் செல்லவேண்டும்.

நெதர்லாந்தின் குடிமக்கள் பதிவகத்துக்குத் தலைமை வகித்த ஜேக்கப் லென்ற்ஸ் என்பவர் தம் தொழிலில் ஈடிணையற்ற வல்லுநர். ஒவ்வொரு மனிதனுக்கும் ஓர் அட்டை. அவன் எங்கே குடிபெயர்ந்தாலும் அட்டையும் பின்தொடரும். அதில் மதமும் எழுதப்படும். போருக்கு முன் இதில் எவரும் தீமை காணவில்லை. குடிமக்கள் எல்லோரும் அடையாள அட்டை சுமக்கவேண்டும் என்று லென்ற்ஸ் முன்வைத்த யோசனையை மட்டும், குற்றவாளியைப்போல் மக்களை நடத்துவது நம் மரபன்று என்று கூறி, 1940 மார்ச் மாதத்தில் அந்நாட்டு அரசாங்கம் நிராகரித்தது. இரண்டு மாதங்களில், மே மாதத்தில், ஜேர்மன் படை உள்ளே புகுந்தது. சொந்த அரசாங்கம் வேண்டாமென்றதை, வந்த ஆட்சி மகிழ்ந்து ஏற்றது. லென்ற்ஸ் உருவாக்கிய அட்டையிலே புகைப்படம் இருந்தது, விரலடையாளம் இருந்தது, நீரோட்டக் குறியிட்ட தாள் இருந்தது. கள்ள அட்டை செய்வோரைத் திணறடிக்கும் தனி மையும் இருந்தது. ஜேர்மனியரின் சொந்த அட்டையையும் விஞ்சியது அது. யூதருடைய அட்டையில் ஓர் எழுத்து முத்திரையிடப்பட்டது.

நெதர்லாந்தில் அப்போது வாழ்ந்த யூதர் ஏறக்குறைய 1,40,000 பேர். அவருள் 1,00,000 இற்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். மேற்கு ஐரோப்பாவில் இவ்வளவு பெரிய விகிதம் வேறெந்த நாட்டிலும் இல்லை. காரணங்கள் பல உண்டு. ஒழுங்கான பதிவேடு அவற்றுள் ஒன்று என்பதை வரலாற்றாசிரியர் மறுப்பதில்லை. லென்ற்ஸை இயக்கியது வெறுப்பைவிடத் தொழிற்பெருமையே என்று கருதுவோர் பலர். தம் பதிவேடு பிழையின்றி இருக்கவேண்டும் என்பது அவர் ஆசை. போர் முடிந்தபின் அவருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது.

அவருடைய ஏட்டை அழிப்பதற்கு உயிரைக் கொடுத்தவர்களும் அந்நாட்டவரே. 1943 மார்ச் 27 ஆம் திகதி இரவு, அம்ஸ்ரர்டாம் நகரின் பதிவகக் கட்டடத்துக்குப் பொலிஸ் உடையணிந்த ஒரு கூட்டத்தினர் வந்தனர். ஓவியரும் எழுத்தாளருமான வில்லெம் அரொண்டேயஸ், சிற்பி கெரிற் வன் டெர் வேன் ஆகியோர் அவர்களுக்குத் தலைவர்கள். உடை தைத்துக் கொடுத்தவர் ஒரு தையற்கலைஞர். கட்டடத்தின் அமைப்பை விளக்கியவர் ஒரு கட்டடக் கலைஞர். காவலரைக் கொல்ல அவர்கள் விரும்பவில்லை. மருத்துவ மாணவர் அவர்களுக்கு மயக்க ஊசி ஏற்றினர். பின் அவர்களைப் பக்கத்து மிருகக்காட்சிச் சாலைத் தோட்டத்திலே கிடத்திவிட்டு, அலுமாரிகளைத் திறந்து அட்டைகளைக் குவித்துத் தீயிட்டனர். தீயணைப்புப் படையினர் ஆறுதலாகவே வந்தனர். வந்தபின் வேண்டியதற்கு மேலாகத் தண்ணீரைப் பாய்ச்சி, எரியாத அட்டைகளை ஊறவைத்துக் கெடுத்தனராம். அவ்வளவு செய்தும் அங்கிருந்த சுமார் 8 இலட்சம் அட்டைகளுள் 15 வீதமளவே அழிந்தன. 1943 யூலை முதலாந் திகதி அவர்களுள் 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஓவியர், வரலாற்றாசிரியர், தையற்கலைஞர், மாணவர் எல்லோரும் அதில் அடங்குவர். சிற்பி அடுத்த ஆண்டு பிடிபட்டு அவ்வாறே மாண்டார்.

அடையாள அட்டைகளின் மறுபிரதிகள் ஹேக் நகரிலே ஒரு மாளிகையில் இருந்தன. கள்ள அட்டையைக் கண்டுபிடிக்க அவற்றோடு ஒப்பிட்டாற் போதும். 1944 ஏப்ரல் 11 ஆம் திகதி பிரித்தானிய விமானங்கள் பறந்து வந்து அந்த ஒரு கட்டடத்தைக் குண்டெறிந்து தகர்த்தன. உள்ளே வேலை செய்துகொண்டிருந்த எழுதுவினைஞர் பலர் இறந்தனர். ஒரு பெயர்ப் பட்டியலை அழிப்பதற்கு விமானப்படை புறப்பட்டது என்றால், பட்டியல் எத்தகைய பொருள் என்பதை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

இந்த நினைவு ஆறாத ஐரோப்பாவில் கணனி வந்து இறங்கியது. அட்டை அலுமாரிகளைத் தேடி எடுக்க ஆட்களும் நாட்களும் வேண்டியிருந்தன. கணனிக்கோ சில கணங்கள் போதும். ஜேர்மனியின் ஹெஸ்ஸே மாநிலம் தன் நிருவாகத்துக்கென மத்திய கணனி நிலையத்தை அமைத்த அதே வேளையில், 1970 ஒக்ரோபரில், உலகின் முதலாவது தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. அச்சட்டத்தில் ஒரு வேடிக்கை உண்டு. மக்களின் அந்தரங்கத்தைப் பற்றி மட்டும் அது கவலைப்படவில்லை. கணனியைக் கையில் வைத்திருக்கும் அரசாங்கம், அது இல்லாத பாராளுமன்றத்தைவிட அதிகம் அறிந்ததாகி அதனை மிஞ்சிவிடுமோ என்றும் கவலைப்பட்டது. தூரநோக்குள்ள கவலை. 'தரவுப் பாதுகாப்பு' என்ற பெயரும் அங்கிருந்தே உலகெங்கும் பரவிற்று. காக்கப்படுவது தரவு அன்று, மனிதன் என்பதால் அது பொருந்தாப் பெயரே, ஆனாலும் நிலைத்துவிட்டது.

அச்சட்டத்தின் கீழ் 1975 முதல் 1991 வரை ஆணையாளராக இருந்தவர் ஸ்பிறோஸ் சிமிற்றிஸ். 1934 இல் ஏதென்ஸ் நகரிற் பிறந்த கிரேக்கர். பிராங்பேர்ட் நகரிலே சட்டப் பேராசிரியர். இவருடைய தம்பி கொஸ்ராஸ் பிற்காலத்திற் கிரேக்க நாட்டின் பிரதமரானார். ஆணையாளருக்கு அபராதம் விதிக்கும் அதிகாரம் இல்லை. கேட்கலாம், பார்க்கலாம், ஆண்டுதோறும் மாநிலப் பாராளுமன்றத்துக்கு அறிக்கை கொடுக்கலாம், அவ்வளவே. அந்த ஆண்டறிக்கைகளைக் கொண்டே சிமிற்றிஸ் ஒரு துறையைக் கட்டியெழுப்பினார். 2023 இல் அவர் காலமானார்.

ஹெஸ்ஸேக்குப் பின் 1973 இல் சுவீடன், நாடு முழுவதற்குமான முதலாவது சட்டத்தைக் கொண்டுவந்தது. பிரான்சில் உள்நாட்டு அமைச்சு தன் கோப்புகளையெல்லாம் ஒரே இலக்கத்தால் இணைக்கத் திட்டமிட்டதை 1974 இல் 'லு மொண்ட்' பத்திரிகை அம்பலப்படுத்த, பெருங் கண்டனம் எழுந்து, 1978 இல் அங்கும் சட்டம் பிறந்தது.

இதற்கிடையே 1977 இல் ஜேர்மன் சமஷ்டி அரசாங்கம் செய்த ஒன்று நம் இன்றைய பேச்சுக்கு மிக முக்கியமானது. கணனியிலே மனிதர் பற்றிய தரவைக் கையாள ஐந்து பேருக்குக் குறையாமல் வைத்திருக்கும் ஒவ்வொரு கம்பனியும், தனக்குள்ளேயே ஒரு தரவுப் பாதுகாப்புப் பொறுப்பாளரை நியமிக்கவேண்டும் என்று விதித்தது. தொழிற்சாலையில் உள்ளவராயினும் வெளியிலிருந்து அமர்த்தப்பட்ட சட்ட அறிஞராயினும் சரியே. இன்று உலகெங்கும் காணப்படும் ஆலோசனை நிறுவனங்களுக்கு இவ்விதியே தாய். சம்பளம் கொடுப்பவனையே கண்காணிக்கும் உத்தியோகம்! தர்மசங்கடமான நாற்காலி. அதை உணர்ந்தே, கடமையைச் செய்ததற்காக அவரைத் தண்டிக்கலாகாது என்ற பாதுகாப்பையும் சட்டம் சேர்த்து வைத்தது.

இனி 1983 ஆம் ஆண்டுக்கு வருவோம். மேற்கு ஜேர்மனியில் அவ்வாண்டு ஏப்ரல் 27 ஆம் திகதி குடிசன மதிப்பு நடைபெறவிருந்தது. அதற்கான சட்டம் பாராளுமன்றத்தில் ஏகமனதாக நிறைவேறியிருந்தது. எதிர்த்து ஒரு கையும் உயரவில்லை. வீட்டுக்கு வீடு ஆளனுப்பிக் கேட்கும் விடைகளைப் புள்ளிவிபரத்துக்கு மட்டும் பயன்படுத்தியிருந்தால் ஒரு பூசலும் எழுந்திராது. ஆனால் சட்டத்தின் ஒரு பிரிவு, அவ்விடைகளை நகரசபைகளின் குடிப்பதிவேடுகளோடு ஒப்பிட்டு அவற்றைத் திருத்தலாம் என்றது. எண்ணிக்கைக்கென்று பெற்றதை ஆளை அறியப் பயன்படுத்தலாம் என்பதே இதன் பொருள். 1939 இன் ஜேர்மன் குடிசன மதிப்பிலே, பாட்டன் பாட்டி யூதரா என்று தனி அட்டையிற் கேட்டிருந்தார்கள். அதை மறவாத மக்கள் அந்நாட்டில் இன்னும் உயிரோடிருந்தனர்.

ஹம்பேர்க் நகரிலே கிசெலா வில்ட், மாயா ஸ்ராட்லர்-ஒய்லர் என்ற இரு பெண் சட்டத்தரணிகள் இருந்தனர். எந்தக் கட்சிக்காரரும் எந்த நிறுவனமும் அனுப்பாமல், தாமே மனுதாரராகி, கார்ள்ஸ்றூஹே நகரிலுள்ள அரசியலமைப்பு நீதிமன்றத்துக்குச் சென்றனர். தெருவில் இளைஞர் கொடிபிடித்துப் பகிஷ்காரம் செய்துகொண்டிருந்தார்கள். இவ்விருவரோ சட்டப் பிரிவை எடுத்து வைத்துக்கொண்டு, இது அரசியலமைப்புக்கு ஒத்துவருமா என்று கேட்டனர். அவர்கள் முறையிட்ட விடயத்தில் ஏப்ரல் 13 ஆம் திகதி, அதாவது குறித்த நாளுக்கு இரண்டு கிழமை இருக்கும்போது, நீதிமன்றம் குடிசன மதிப்பை நிறுத்திவைத்தது. ஆயிரக்கணக்கான கணக்கெடுப்போர் ஆயத்தமாகிப் படிவங்களும் அச்சாகியிருந்த நிலையில் அது நாட்டையே திகைக்கச் செய்தது.

தீர்ப்பு டிசெம்பர் 15 ஆம் திகதி வந்தது. தலைமை வகித்தவர் ஏர்ன்ஸ்ற் பெண்டா. இவர் ஒரு காலத்தில் உள்நாட்டு அமைச்சராக இருந்து, பொலிசுக்கும் பதிவேட்டுக்கும் பொறுப்பு வகித்தவர் என்பதை இங்கே நினைவுகொள்வது நன்று. அரசாங்கத்தின் மேசையை அறிந்தவரே அதன் கையைப் பிடித்தார். தன்னைப் பற்றிய தரவு யாரிடம் செல்லலாம், எதற்குப் பயன்படலாம் என்பதைத் தீர்மானிப்பவன் முதற்கண் அந்த மனிதனே என்று நீதிமன்றம் கூறியது. தகவற் சுயநிர்ணய உரிமை என்று அதற்குப் பெயர். இப்பெயரும் வானத்திலிருந்து விழவில்லை. உள்நாட்டு அமைச்சுக்கென 1971 இல் வில்ஹெல்ம் ஸ்ரைன்முல்லர் என்ற சட்டப் பேராசிரியரும் துணைவர் சிலரும் எழுதிய ஆலோசனை அறிக்கையிலே அக்கருத்து அரும்பியிருந்தது. ஆலோசகர் எழுதியது 12 ஆண்டுகள் அலுமாரியில் உறங்கி, நீதிமன்றத்திலே கண்விழித்தது.

தீர்ப்பில் இரண்டு கருத்துகள் எனக்கு மிகவும் பிடித்தவை. கணனிக் காலத்தில் அற்பமான தரவு என்று ஒன்றில்லை என்பது ஒன்று. தான் செய்வதெல்லாம் எங்கோ குறிக்கப்படுகிறதோ என்று ஐயுறும் மனிதன், கூட்டத்துக்குப் போவதையும் சங்கத்திற் சேர்வதையும் தானே தவிர்த்துக்கொள்வான், அதனாற் கெடுவது அவன் மட்டுமன்று, குடியாட்சியே என்பது மற்றது. குடிசன மதிப்பே கூடாது என்று நீதிமன்றம் சொல்லவில்லை, பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டது. பதிவேட்டோடு ஒப்பிடும் பிரிவை மட்டும் வெட்டியெறிந்தது. சட்டம் திருத்தப்பட்டு, 1987 மே மாதத்திற் கணக்கெடுப்பு நடைபெற்றது.

கார்ள்ஸ்றூஹேயில் வழக்கு நிலுவையில் இருந்த அதே 1983 யூலையில், நம் தலைநகரிலே என்ன நடந்தது என்பதைத் தமிழ் நேயர்களுக்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் குறிப்பிடுகின்றேன். வீடுகளுக்குத் தீயிட வந்த கும்பல்களிற் சிலருடைய கையில் வாக்காளர் இடாப்பு இருந்ததை அக்காலத்துச் செய்தியாளரும் பின்வந்த ஆய்வாளரும் பதிவு செய்திருக்கின்றனர். எந்தத் தெருவில் எந்த இலக்கத்து வீட்டில் எந்தப் பெயருடையவர் இருக்கிறார் என்பதை அவர்கள் விசாரித்தறிய வேண்டியிருக்கவில்லை. வாக்காளர் இடாப்பு என்பது எத்தகைய ஏடு? ஒருவன் இந்நாட்டுப் பிரசை, அரசாங்கத்தை ஆக்கவும் மாற்றவும் உரிமையுடையவன் என்பதற்குச் சான்று. தம் பெயர் அதில் விடுபட்டுப் போகக்கூடாது என்று கந்தோருக்கு நடையாய் நடந்து பதிந்தவர்கள் நம் மக்கள். அம்ஸ்ரர்டாமில் மதத்தை எழுதிய பதிவேடும் கொழும்பில் பெயரை எழுதிய இடாப்பும் தீய நோக்கத்தோடு எழுதப்பட்டவையல்ல. ஒரு தேவைக்கென எழுதியது வேறொரு கைக்குப் போனது, அவ்வளவுதான். அதைத் தடுக்கும் விதியையே, ஒரு நோக்கத்துக்குப் பெற்றதை இன்னொரு நோக்கத்துக்கு ஆளாதே என்ற விதியையே, ஹம்பேர்க்கின் அவ்விரு பெண்கள் அந்த ஆண்டில் வாதாடி நிலைநாட்டினர்.

ஆனால் நம் நாட்டின் 2022 ஆம் ஆண்டுச் சட்டம் அந்தக் காயத்திலிருந்து பிறந்தது என்று சொல்ல என்னால் முடியவில்லை. அது பிறந்தது வணிகத்தின் வழியாக. அந்த வழியையும் சுருங்கச் சொல்லிவிடுகின்றேன். நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபட்டால் தரவு எல்லை கடக்க முடியாது, வியாபாரம் தடைப்படும் என்று அஞ்சிய செல்வந்த நாடுகள், அவுஸ்திரேலியச் சட்ட அறிஞர் மைக்கல் கேர்பி தலைமையில் ஒரு நிபுணர் குழுவை அமைத்தன. அக்குழு வகுத்த பொது நெறிகள் 1980 செப்ரெம்பரில் ஏற்கப்பட்டன. 1981 சனவரி 28 ஆம் திகதி ஐரோப்பிய அவை ஓர் உடன்படிக்கையைக் கையொப்பத்துக்குத் திறந்தது. 1995 இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பணிப்புரை வந்தது. 2018 மே 25 முதல் அதனினும் கடுமையான பொது ஒழுங்குவிதி நடைமுறைக்கு வந்தது. உலகளாவிய வருமானத்தில் 4 வீதம் வரை அபராதம் என்றதும், அதுவரை கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த கம்பனிகள் எல்லாம் விழித்து ஆலோசகரைத் தேடி ஓடின. ஐரோப்பாவோடு வியாபாரம் செய்ய விரும்பிய நாடுகளும் அவ்வழியே தத்தம் சட்டங்களை எழுதின.

அங்கும் தனிமனிதன் மறைந்துவிடவில்லை. ஒஸ்திரிய நாட்டுச் சட்ட மாணவர் மக்ஸ் ஷ்றெம்ஸ், கலிபோர்னியாவிற் சிலகாலம் படித்தபின், 2011 இல், பேஸ்புக் நிறுவனத்திடம் தம்மைப் பற்றி அது வைத்திருக்கும் தரவைத் தருமாறு சட்டப்படி கேட்டார். வந்து சேர்ந்தவை 1,222 பக்கங்கள். தாம் அழித்துவிட்டதாக எண்ணியிருந்த செய்திகளும் அதில் இருந்தன. அவர் தொடுத்த முறைப்பாடுகளால், ஐரோப்பியத் தரவை அமெரிக்காவுக்கு அனுப்ப இரு அரசுகளும் செய்துகொண்ட ஏற்பாடு 2015 இலும், அதற்குப் பதிலாக வந்த இரண்டாவது ஏற்பாடு 2020 இலும் ஐரோப்பிய நீதிமன்றத்தால் அடுத்தடுத்துச் செல்லாதவையாக்கப்பட்டன. நம் அயல்நாடாகிய இந்தியாவிலே, கர்நாடக உயர்நீதிமன்றத்து ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசுவாமி, தம் எண்பதுகளின் நடுவில், 2012 இல், ஆதார் அடையாளத் திட்டத்தை எதிர்த்து மனுச் செய்தார். 2017 ஓகஸ்ற் 24 ஆம் திகதி ஒன்பது நீதியரசர் கொண்ட ஆயம், அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஏகமனதாகத் தீர்த்தது. அவர் 2024 இற் காலமானார்.

நம் சட்டத்துக்குத் திரும்புவோம். ஒரு தரவுப் பாதுகாப்பு அதிகாரசபையை அது நிறுவுகிறது. மீறுவோருக்கு ஒரு கோடி ரூபா வரை தண்டம் விதிக்க இடமளிக்கிறது. அரசாங்கத் திணைக்களங்களும் குறித்த வகைக் கம்பனிகளும் தரவுப் பாதுகாப்பு உத்தியோகத்தரை நியமிக்கவேண்டும் என்கிறது. 2025 மார்ச் மாதத்தில் நடைமுறைக்கு வரவேண்டியிருந்த முக்கிய பகுதிகள் பின்போடப்பட்டன. அந்த உத்தியோகத்தர் எத்தகையவராக இருப்பார் என்பதே என் கவலை. லென்ற்ஸும் வல்லுநர், ஸ்ரைன்முல்லரும் வல்லுநர். பதிவேட்டின் நுட்பம் இருவருக்கும் தெரியும். ஒருவர் ஏட்டைச் செம்மையாக்கினார். மற்றவர் இந்த ஏடு எதற்கு என்று கேட்டார். கம்பனிக்கு வரக்கூடிய தண்டத்தைக் கணக்கிட்டுப் படிவங்களை நிரப்பிக் கொடுப்பவர் நமக்கு எளிதிற் கிடைப்பார். இந்தக் கேள்வியை ஏன் கேட்கிறீர்கள், இந்தப் பிரதியை ஏன் வாங்குகிறீர்கள், எத்தனை ஆண்டு வைத்திருப்பீர்கள் என்று தம் முதலாளியையே கேட்கத் துணிபவர் கிடைப்பாரா?

இடாப்புகளோடு நாள்தோறும் புழங்கும் பாடசாலை அதிபர் என்ற முறையிலே எனக்கு ஓரளவு அனுபவம் உண்டு. ஒரு பிள்ளையைச் சேர்ப்பதற்குப் பெற்றோர் கொண்டுவரும் பத்திரங்களின் பிரதிகள், பிள்ளை படிப்பை முடித்துச் சென்ற பின்பும் அலுமாரிகளிற் கிடந்து கறையானுக்கு இரையாகின்றன. கறையான் தின்றால் நட்டமில்லை என்று இப்போது தோன்றுகிறது.

முதலிற் கேட்கவேண்டியது நம் தேசிய அடையாள அட்டையைப் பற்றியே. 1968 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க ஆட்களைப் பதிவு செய்யும் சட்டத்தின்கீழ் வழங்கப்படும் அவ்வட்டையின் பழைய இலக்கத்தை எடுத்துப் பாருங்கள். முதலிரண்டு எண்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அவ்வாண்டின் எத்தனையாவது நாளிற் பிறந்தார் என்பது. பெண்ணாயின் அதனோடு 500 கூட்டப்பட்டிருக்கும். ஆகவே கடையிலும் விடுதியிலும் வாயிற் காவலரிடத்தும் நாம் எழுதிக் கொடுக்கும் அந்த ஒற்றை இலக்கத்திலிருந்து நம் பிறந்த நாளையும் பாலையும் எவரும் எண்ணி அறியலாம். பெயரும் முகவரியும் தெரிந்த அந்நியர் ஒருவருக்கு இதற்குமேல் அதிகம் தேவைப்படாது. 2016 இல் 12 எண்கள் கொண்ட புதிய இலக்கம் அறிமுகமானது. மாற்றுவதற்கு அது நல்ல சந்தர்ப்பமாக இருந்தது. மாற்றினார்கள், பிறந்த ஆண்டு இரண்டு எண்ணாக இருந்தது நான்கு எண்ணாயிற்று. நாட்கணக்கு அப்படியே இருக்கிறது. பெண்களுக்கு 500 கூட்டுவதும் இன்றுவரை தொடர்கிறது.